கொல்லிப்பாவையும் லேயாளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, சங்கப் புலவர் பாடலால் நிலைத்த புகழ் பெற்றது. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில் கொல்லிப்பாவை என்னும் எழிலுருவம் ஒன்று இருந்ததாகப் பண்டையோர் கருதினர். குறுந்தொகை 100ஆம் பாடலில் கபிலரும், நற்றிணை 201ஆம் பாடலில் பரணரும் தலைவியை இப்பாவைக்கு ஒப்பிடுகின்றனர். கிடைத்தற்கு அரியவளை நினைத்தல் தகாது என்று இடித்துரைக்கும் பாங்கனுக்கு நற்றிணைத் தலைவன் விடை கூறுகிறான்: காற்று மோதினும், இடி விழினும், நிலம் நடுங்கினும் அழகு குன்றாத அப்பாவையைப்போல் அவள் தன் நெஞ்சைவிட்டு நீங்காள்.

காதலின் உறுதிக்கு இது சிறந்த சான்று. ஆயினும் ஒரு வினா எழுகிறது. நெஞ்சிலுள்ள பாவை மாறுவதில்லை. உயிருள்ள பெண்ணோ நோயுறுகிறாள், மூப்படைகிறாள், இறக்கிறாள். பாவை நெஞ்சில் நிற்க, வேறொருத்தி மனைவியாய் வந்தால் அவள் நிலை யாது?

இவ்வினா நம் சபைகளுக்குப் புதியதன்று. மனைவி இறந்தபின், பிள்ளைகளின் நலன் கருதி அவள் தங்கையையே மணமுடித்து வைப்பது தமிழகத்தில் அறிந்த வழக்கம். மனைவி உயிரோடிருக்கையில் அவள் சகோதரியை மணப்பதையே லேவியராகமம் 18:18 விலக்குகிறது. இறந்த மனைவியின் சகோதரியை மணத்தல் இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுமதி பெற்றது. ஆனால் சட்டம் இசைந்ததனால் உள்ளத்தின் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அக்காளின் சமையலோடு ஒப்பிடப்பட்டு, சில வேளை அக்காளின் பெயராலேயே அழைக்கப்படும் இளையவள் அன்பு பெறுகிறாள். ஆனால் அவ்வன்பு அவளை நோக்கியதன்று.

ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில் இத்துயரத்தைக் காண்கிறோம். ராகேலுக்காக ஏழாண்டு உழைத்த யாக்கோபுக்கு லாபான் இரவில் லேயாளைக் கொடுக்கிறான். விடிந்தபின் யாக்கோபு அடைந்த ஏமாற்றத்தைத் திருமறை கூறுகிறது; லேயாள் அன்று பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. தந்தையின் சூழ்ச்சிக்கு அவள் கருவி. கணவனின் காதலுக்கு அவள் மாற்று. அவள் வெறுக்கப்பட்டவள் என்று 31ஆம் வசனம் கூறினும், ராகேல் அவளிலும் அதிகமாய் நேசிக்கப்பட்டாள் என்னும் முந்திய வசனத்தோடு அதனைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒப்பீட்டில் குறைந்த அன்பே, பெறுபவளுக்கு வெறுப்பாகிறது.

ரூபன், சிமியோன், லேவி ஆகிய பெயர்களை அவள் விளக்குகையில் அன்பு பெறாதவளின் ஏக்கமே ஒலிக்கிறது. நான்காம் மகன் யூதாவின் பெயரிலோ கணவனைப் பற்றிய பேச்சில்லை. கர்த்தரைத் துதிக்கும் துதி மட்டுமே உண்டு. இத்துடன் அவள் புண் ஆறிற்று என்று நாம் விரைந்து பிரசங்கித்தல் தகாது. செபுலோன் பிறந்தபோது அதே ஏக்கம் திரும்பவும் எழுகிறது (30:20). விசுவாசம் அவளைத் தாங்கிற்று. ஆனால் யாக்கோபின் குறையை அது நியாயமாக்கிவிடவில்லை.

தேவன் லேயாளைக் கண்டார். அவளை ராகேலாக மாற்றவில்லை. லேயாளாகவே அவளை நினைவுகூர்ந்தார். அவள் வயிற்றில் பிறந்த யூதாவின் வழியில் தாவீதும், தாவீதின் வழியில் கிறிஸ்துவும் தோன்றினர்.

கிறிஸ்து நமக்குப் பதிலாளானார் என்று அறிக்கையிடுகிறோம். அவர் தம் உயிரைத் தாமே மனமுவந்து கொடுத்தார் (யோவான் 10:18). லேயாளோ தன் விருப்பம் கேட்கப்படாமலே மற்றொருத்தியின் இடத்தில் நிறுத்தப்பட்டாள். முன்னதைக் காட்டிப் பின்னதைத் தியாகம் என்று புகழ்வது தவறான இறையியலாகும்.

ஆகவே, இரண்டாம் மணத்தை நடத்துமுன் ஆயர் இரண்டு செய்தல் நலம். இறந்தவளுக்காகத் துக்கிக்கக் கணவனுக்குப் போதிய காலம் அளிக்கவேண்டும். வரப்போகிறவளிடம், பெற்றோர் அருகிலின்றி, அவள் விருப்பத்தைக் கேட்கவேண்டும். பெயர் சொல்லி அழைக்கும் தேவனுடைய சபையில் (ஏசாயா 43:1) ஒவ்வொருத்தியும் தன் பெயராலேயே நேசிக்கப்படவேண்டும்.