பள்ளம் விழுந்த அலாய் வீல்

கடற்கரையை ஒட்டிய ஊரில் ஓடும் காரின் அலாய் வீலை இரண்டு மூன்று மழைக்காலம் கழித்துக் குனிந்து பார்த்தால், வெள்ளை வெள்ளையாகப் பொரிந்த புள்ளிகள் தெரியும். நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும். அடியில் கடுகு அளவு பள்ளம். அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே சொன்னார்கள் என்று வண்டிக்காரர் கேட்பது நியாயம்தான்.

சொன்னதிலும் பொய்யில்லை. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட மறுகணமே ஆக்ஸைடு தோல் ஒன்று படிந்துவிடும். தடிமன் சில நானோமீட்டர்தான். ஆனாலும் இடுக்கு விடாமல் ஒட்டிக்கொண்டு ஆக்ஸிஜனை உள்ளே அண்ட விடாது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். இந்தக் காவலை உடைக்கத் தெரிந்தது உப்பு. அதிலுள்ள குளோரைடு அயனி, தோல் நலிந்திருக்கும் இடமாகப் பார்த்து நுழைகிறது. உள்ளே கரைந்த அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் அலுமினியத்தைக் கரைக்கும். பள்ளத்தின் வாயை வெள்ளைப் பொடி அடைத்துக்கொள்வதால் மழைத்தண்ணீர்கூட அதைக் கழுவிவிட முடியாது. சொத்தைப் பல் மாதிரிதான்: வெளியே ஊசிமுனை, உள்ளே குழி.

பிரேக் தூசியும் இதற்கு உடந்தை. டிஸ்க்கிலிருந்து சூடாகப் பறந்து வரும் இரும்புத் துகள் வீலில் பதிந்துகொள்ளும். உப்பு ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கிடந்தால், கரைவது அலுமினியம். மேலே லாக்கர் பூச்சு இருக்கிறதே என்றால், நடைபாதைக் கல்லில் ஒருமுறை உரசினால் போதும். அந்தக் கீறல் வழியே ஈரம் இறங்கி, பூச்சுக்கு அடியிலேயே வெள்ளை நூல் நூலாக அரிப்பு ஊர்ந்து போகும்.

பாலிஷ் போட்டால் இதெல்லாம் போய்விடுமா? பாலிஷ் எந்தப் பள்ளத்தையும் நிரப்புவதில்லை. அரை மில்லிமீட்டர் ஆழப் பள்ளம் மறைய வேண்டுமானால், சுற்றியுள்ள உலோகம் அத்தனையும் அரை மில்லிமீட்டர் கீழிறங்க வேண்டும். பட்டறையில் "எல்லாப் புள்ளியையும் எடுத்துத் தருகிறேன்" என்று சொன்னால், வீலில் எவ்வளவு சதையைக் கழிக்கப் போகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை தொடங்குவது பெயின்ட் ரிமூவரில். லாக்கரை முழுக்க உரித்துவிட்டு, 220 அல்லது 320 எண் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 400, 600, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளின் கோட்டுக்குக் குறுக்கே ஓட்டுவார்கள் கைதேர்ந்தவர்கள். பழைய கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்த தாள். அவசரத்தில் 320இலிருந்து 1000க்குத் தாவியவரின் வீல், கடைக்குள் ஜொலிக்கும். வெயிலில் நிறுத்தியதும் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

காரணம் ஒளியின் அளவில் இருக்கிறது. 400 எண் தாளில் உள்ள துகளின் அளவு சராசரியாக 35 மைக்ரான். 2000இல் 10 மைக்ரான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். பரப்பின் மேடு பள்ளம் அதைவிட மிகச் சிறியதானால்தான் ஒளி சிதறாமல் திரும்பி, முகம் தெரியும். அதனால்தான் 2000 எண் தாளுக்குப் பிறகும் வீல் மங்கலாகவே நிற்கிறது. மிச்ச வேலை துணிச் சக்கரத்துக்கும் பஃபிங் சோப்புக்கும். சோப்பு என்று பெயரே தவிர, அது கொழுப்பிலும் மெழுகிலும் குழைத்த தேய்ப்புத் தூள். வெள்ளைக் கட்டியில் பொதுவாக இருப்பது அலுமினிய ஆக்ஸைடு. மாணிக்கக் கல்லும் அடிப்படையில் அதே சரக்குதான். அலுமினியத்தைத் தேய்த்து மினுக்குவது அலுமினியத்தின் துருவேதான் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இத்தனை செய்தும் சில வீல்கள் கண்ணாடியாவதில்லை. சாதாரணக் கார் வீல் அச்சில் உருக்கி வார்த்தது. அதில் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கான் உண்டு. வார்ப்பில் சிக்கிய நுண்குமிழிகளும் உண்டு. ஆழமாகத் தேய்க்கத் தேய்க்க அந்தக் குமிழிகள் திறந்துகொண்டு புதுப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு வீலில்தான் அசல் கண்ணாடி மினுக்கம் வரும்.

வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கலந்த வீல் கிளீனரைத் தொடவே வேண்டாம். அது தோல் வழியாக இறங்கி எலும்பு வரை பதம் பார்க்கும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

இன்னொன்று, தூசி. நுண்தூளான அலுமினியம் காற்றில் பறந்தால் அது வெடிமருந்து. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், கார் வீல்களுக்குப் பாலிஷ் போடும் தொழிற்சாலை ஒன்றில் அந்தத் தூசிதான் வெடித்தது. 146 பேர் இறந்தார்கள். ஒரே கிரைண்டரில் இரும்பையும் அலுமினியத்தையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும் பட்டறைகள் கவனிக்க வேண்டும்: இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் தண்டவாளத்தை உருக்கி ஒட்டவைக்கும் தெர்மைட் கலவை ஆகிவிடும்; கிரைண்டரின் தீப்பொறியில் அது பற்றிக்கொள்ளக்கூடும்.

எல்லாம் முடிந்து வீல் பளபளத்தால், அது பூச்சில்லாத வெற்று உலோகம் என்பதை மறக்க வேண்டாம். மெழுகோ சீலன்ட்டோ போட்டு, உப்பையும் பிரேக் தூசியையும் அடிக்கடி கழுவிக்கொண்டே இருந்தால்தான் நிலைக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கும் கடலோரவாசிகளுக்கும் என் யோசனை: மினுக்கத்தை விட்டுவிட்டு, பள்ளங்களைச் சுத்தம் செய்து பவுடர் கோட்டிங் போட்டுவிடுங்கள். பூச்சை வேகவைக்கும் அடுப்பின் சூட்டையும் நேரத்தையும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் வெந்தால் வீலின் உறுதி குறையும். ஸ்போக்கிலோ நட் துளையைச் சுற்றியோ விரிசல் தெரிந்தால் பாலிஷும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். அந்த வீலைப் பழைய அலுமினியமாக எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.