காவிரிக் கரையும் சிறைப்பட்டோர் உழைப்பும்

காவேரிப்பாக்கத்துப் பேரேரியின் கரையில் நிற்பவருக்கு, இத்தனை மண்ணையும் சுமந்தோர் யாவர் என்ற வினா எழாமற் போகாது. இவ்வூருக்குக் கிழக்கே திருவாலங்காட்டில் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடு, காவிரிக்குக் கரை எடுத்தவன் கரிகாலன் எனப் புகழ்கிறது. கரை எடுத்த கைகளைப் பற்றிப் பேசுவதோ கடலுக்கு அப்பால் எழுந்த ஒரு நூல். 17ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற சிங்கள நூலான 'இராஜாவலிய', சோழன் ஈழத்திலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துக் காவிரிப் பணிக்குக் கொண்டுசென்றான் என்கிறது. கஜபாகு மன்னன் அவர்களை மீட்டதோடு, வட்டி போல மேலும் 12,000 பேரைக் கைப்பற்றி, யட்டிநுவர, உடுநுவர முதலிய பகுதிகளிற் குடியமர்த்தினானாம்.

இதனை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. காலத்தால் மிக முந்திய மகாவம்சம் கஜபாகுவைக் குறிப்பிட்டும் இப்படையெடுப்பைச் சொல்லவில்லை. தென்னிந்தியக் குடியேற்றங்களுக்கு விளக்கமாக எழுந்த தொன்மமே இது என்றார் மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர. நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எனினும், போர்க்கைதி என்பவன் வயலுக்கும் வாய்க்காலுக்கும் உரிய ஆள் என்ற எண்ணம் இக்கதையில் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) பத்ரில் சிறைப்பட்ட எழுபதின்மரின் நிலை வேறு. மீட்புப்பணம் இல்லாத, எழுத்தறிந்த கைதிகளுக்கு அன்சாரிச் சிறார்க்கு எழுதக் கற்பிப்பதையே ஈடாக்கினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். தம்மைப் பிடித்தவர்கள் பேரீச்சம்பழத்தை உண்டு, தமக்கு ரொட்டியைத் தந்ததை அபூ அஸீஸ் என்ற கைதி பின்னாளில் எடுத்துரைத்தார். மதீனாவிலோ பேரீச்சை மலிவு, ரொட்டி அரிது! கைதிகளைக் கருணையாகவோ ஈடு பெற்றோ விடுவிக்கத் திருமறை (47:4) வழிகாட்டுகிறது.

முஸ்லிம் அரசுகள் யாவும் இந்நெறியில் நின்றன என நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அப்பாசியர் ஆட்சியில் பஸ்ராவின் உவர்நிலத்தைப் பயிர்நிலமாக்க, ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட ஸன்ஜ் அடிமைகள் மேல்மண்ணைச் சுரண்டி அகற்றினர். 869இல் அவர்கள் தொடங்கிய கிளர்ச்சி அடங்க 14 ஆண்டுகள் ஆயின. அதனை மிக விரிவாகப் பதிந்தவர் அல்தபரீயே.

1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளை வேளாண் பணியில் ஈடுபடுத்த இன்றும் இடமளிக்கிறது. ஆனால் அதிகாரிகளை வற்புறுத்தலாகாது; உழைப்புக்கு ஊதியம் உண்டு; போர் ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவித்தாக வேண்டும். இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தும், ஜெர்மானியக் கைதிகளுள் கடைசியாக எஞ்சியோர் 1948இல்தான் பிரித்தானியாவிலிருந்து ஊர் திரும்பினர். அவர்களுள் பலர் அதுவரை அந்நாட்டு வயல்களில் உழைத்தவர்கள்.