பிளேயருக்கு 7.8 மார்க்... யார் போடுறாங்க? கால்பந்து ரேட்டிங் எப்படி வேலை செய்யுது?

மேட்ச் முடிந்த சில நிமிடங்களில் ஆப்பைத் திறந்தால், ஒவ்வொரு வீரரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு நம்பர் இருக்கும். ஒருவருக்கு 7.8, இன்னொருவருக்கு 6.1. அதை வைத்தே ரசிகர்கள் விடிய விடிய சண்டை போடுவார்கள். இந்த மார்க் எங்கிருந்து வருது?

எப்படி கணக்கு போடுறாங்க?

ஆப்டா போன்ற நிறுவனங்களின் ஆட்கள் மேட்ச் வீடியோவைப் பார்த்துக்கொண்டே பாஸ், ஷாட், டேக்கிள், ஃபவுல் என எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். எந்த நிமிடம், மைதானத்தில் எந்த இடம் என்பது உட்பட. ஒரே மேட்சில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் பதிவுகள் சேரும்.

இதை வைத்து மார்க் போடுவது கம்ப்யூட்டர். உதாரணமாக, ஹூஸ்கோர்டு தளத்தில் எல்லோரும் 6.0-ல் தொடங்குவார்கள். நல்ல பாஸ் கொடுத்தால் ஏறும், பந்தைப் பறிகொடுத்தால் இறங்கும்.

'எக்ஸ்பெக்டட் கோல்ஸ்' என்றால் என்ன?

ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதுதான் இது. தூரம், கோணம், காலால் அடித்ததா தலையால் முட்டியதா என்று பார்த்து, பழைய ஷாட்களோடு ஒப்பிட்டு 0 முதல் 1 வரை மதிப்பு தருவார்கள். பெனால்டிக்கு பொதுவாக 0.76 முதல் 0.79 வரை. அதாவது, 100 பெனால்டியில் 20-க்கு மேல் வீணாகத்தான் போகும். ஸ்ட்ரைக்கர்களை எடைபோட இது நல்ல அளவுகோல்.

அப்போ டிஃபெண்டர்கள்?

சிக்கலே இங்கேதான். 2001 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் பெர்குசன், தன் முக்கிய டிஃபெண்டர் யாப் ஸ்டாமை திடீரென இத்தாலியின் லாசியோ அணிக்கு விற்றார். ஸ்டாம் எழுதிய சுயசரிதைதான் காரணம் என்று அப்போது பேச்சு. ஆனால், ஸ்டாம் முன்பு போல டேக்கிள் செய்வதில்லை என்று புள்ளிவிவரம் காட்டியதும் ஒரு காரணம் என்கிறார் கால்பந்து எழுத்தாளர் சைமன் கூப்பர். 29 வயது, காயத்திலிருந்து திரும்பியவர், வேகம் போச்சு என்று நினைத்துவிட்டார்கள்.

அவருக்குப் பதிலாக வந்த லாரென்ட் பிளாங்குக்கு வயது 35! தொடர்ந்து 3 முறை சாம்பியனான யுனைடெட், அந்த சீசனில் 3-வது இடம். ஸ்டாமோ 2005-ல் ஏசி மிலனுக்காக சாம்பியன்ஸ் லீக் ஃபைனலே ஆடினார். அவரை விற்றது தவறு என்று பெர்குசனே பிறகு ஒப்புக்கொண்டார்.

சரியான இடத்தில் நிற்கும் டிஃபெண்டருக்கு டேக்கிள் செய்யவே வேலை இருக்காது. அவர் நிற்பதைப் பார்த்து எதிரணி பந்தை வேறு பக்கம் திருப்பிவிடும். அது அவர் கணக்கில் ஏறாது. கடைசி நொடியில் சறுக்கி விழுந்து காப்பாற்றுபவருக்குத்தான் மார்க்!

இப்போது மைதான கேமராக்கள் பந்து இல்லாத வீரர்களின் நகர்வையும் நொடிக்குப் பல முறை பதிவு செய்கின்றன. பெரிய கிளப்புகள் அதையும் பார்த்துத்தான் ஆள் எடுக்கின்றன. நம் மொபைலில் வரும் ரேட்டிங்கோ பெரும்பாலும் பந்தைச் சுற்றியே ஓடுகிறது.

அதனால் சென்டர் பேக் ஒருவருக்கு 6.4 என்று பார்த்தால் உடனே மீம் போட்டுவிடாதீங்க. அவர் மார்க் செய்த ஸ்ட்ரைக்கருக்கு எவ்வளவு வந்திருக்கு என்று ஒருமுறை பாருங்க.