இலைக்குள் உறையும் விருந்தினர்

நம் ஆர்.கே.பேட்டையில் வேப்பமரத்தை அறியாதார் இலர். அதன் பசிய இலையொன்றைக் கொய்து நோக்கின், நோயின் குறி யாதும் தென்படாது. எனினும் அவ்விலையினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத பூஞ்சைகள் குடியிருத்தல் கூடும் என்றால், நம்மிற் பலர் வியப்புறுவர். செடிக்கு நோய் விளைக்காமல் அதன் உறுப்புகளுக்குள் வாழும் இவற்றை உள்ளுறை பூஞ்சைகள் என்று வழங்குவோமாக.

இவற்றைக் காணும் முறை எளியது. இலையை நீரில் அலம்பி, ஆல்கஹாலிலும் குளோரின் கலந்த நீரிலும் சிறிது நேரம் தோய்த்தால் புறத்தேயுள்ள நுண்ணுயிர்கள் மாயும். பின்னர் அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊட்டப்பொருள் சேர்த்த அகர்ப்பசையின்மேல் வைத்தல் வேண்டும். சின்னாளில் துண்டின் விளிம்பினின்றும் மெல்லிய இழைகள் கிளம்பும். புறம் தூய்மை செய்யப்பட்டமையால், அவை உள்ளிருந்து வந்தனவே எனத் துணியலாம். சென்னை இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த கே. இராஜகோபாலும் டி. எஸ். சூரியநாராயணனும் வேப்பிலையினின்று இத்தகைய பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, 2000-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

இவற்றால் மக்கட்கு ஆம் பயன் யாது? ஓர் உதாரணம் காண்போம். 1966-இல் அமெரிக்க அறிஞர் வால், வாணி முதலியோர் சீனமரம் ஒன்றினின்று காம்ப்டோதெசின் என்னும் பொருளைப் பிரித்தனர். அதனை மூலமாகக் கொண்டு இன்று புற்றுநோய் மருந்துகள் செய்யப்படுகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டிஸ் என்னும் சிறுமரத்திலும் அப்பொருள் உண்டென்பதை, முன்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராயிருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, விசுவநாதன் என்பாருடன் பம்பாயில் ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டார். அதன்பின் மருந்து வாணிகத்தின் பொருட்டு அம்மரங்கள் பெரிதும் வெட்டுண்டன.

2005-இல் ஜம்மு நகர ஆராய்ச்சியாளர், அம்மரத்தின் பட்டையுள் உறையும் பூஞ்சை ஒன்றும் காம்ப்டோதெசினைத் தருவதாக அறிவித்தனர். மரத்தை வீழ்த்தாமலே குடுவையில் மருந்தை விளைவிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆயின், இத்தகைய பூஞ்சைகளை மரத்தினின்று பிரித்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, அவை தரும் மருந்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது.

ஆதலின் பூஞ்சை கிடைத்துவிட்டது, இனி மரம் எற்றுக்கு என்று நாம் எண்ணுதல் தகாது. விருந்தினரின் வளம் வீட்டோடு பிணைந்துள்ளது. ஆராயாமல் ஒரு மரவினத்தை அழிப்போமாயின், அதனுள் வாழ்வனவற்றையும் உடன் இழப்போம். அடுத்த முறை வேப்பநிழலில் அமரும்போது, தலைக்குமேல் அசையும் இலைகளை இவ்வெண்ணத்துடன் சற்றே நோக்குவோமாக.