ரெயில் பெட்டியில் ஒரு கடற்போர்

பங்காருபேட்டையில் கடல் இல்லை. கப்பலைப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்குத்தான் போகவேண்டும். ஆனால் பெங்களூர் போகும் காலை ரெயிலில் ஏறினால், "பி-7" என்று ஒருவர் சொல்வார். "தண்ணி!" என்பார் எதிரில் இருப்பவர். "சி-7?" "ஐயோ, அடிபட்டுப் போச்சு!"

இது கப்பலைக் கண்டுபிடித்து மூழ்கடிக்கும் ஆட்டம். காகிதத்தில் கோடு போட்டு ஆடப்பட்டு வந்த இதை, 1967-ல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி கம்பெனி பிளாஸ்டிக் பலகையில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இப்போது செல்போனில் காசில்லாமல் ஆடலாம்.

நான் பார்த்த ஜோடியில் ஒருவர் பெரியவர். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பெங்களூரில் வாட்ச்மேன். மற்றவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் இளைஞர்.

அந்த இளைஞர் முன்பு செல்போனில் ரம்மி ஆடினார். முதலில் நூறு ரூபாய் வந்தது. பிறகு இரண்டு மாதச் சம்பளம் போனது. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2025 ஆகஸ்டில்தான். வளையல் அதற்கு முன்பே போய்விட்டது.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது அண்ணே" என்றாராம். "அப்படின்னா என்னோட ஆடு தம்பி. தோத்தா டீ வாங்கிக் கொடு, போதும்" என்றாராம் பெரியவர்.

எப்படி ஜெயிப்பது?

கடல் என்பது பத்துக்குப் பத்து, 100 கட்டங்கள். ஆளுக்கு 5 கப்பல். அவற்றின் நீளம் 5, 4, 3, 3, 2 கட்டங்கள். எதிரியின் கப்பல் எங்கே என்று தெரியாமல் குண்டு போடவேண்டும்.

குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். கணக்கு இருக்கிறது. 5 கட்டக் கப்பலை 120 விதமாக நிறுத்தலாம். அதில் மூலைக் கட்டத்தைத் தொடுவது 2 விதம்தான். நடுக் கட்டத்தைத் தொடுவது 10 விதம். ஆகவே முதல் குண்டுகள் நடுவில் விழவேண்டும். சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களில் மட்டும் போடுவதுபோல ஒன்று விட்டு ஒன்று போட்டால், 50 குண்டுகளில் எந்தக் கப்பலும் தப்பாது.

பெரியவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. "ஒரு இடத்துல தட்டுப்பட்டா, ரீப் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணும். அதைப் பிடிச்சுக்கிட்டே போகணும். நாங்க கீழே வேற என்ன செஞ்சோம்?" என்றார். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம். அங்கே கற்றது வீண் போகவில்லை!

எம்டன்

நிஜக் கடலிலும் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. சாமர்த்தியசாலியை நாம் "எம்டன்" என்று சொல்வது அதிலிருந்துதான்.

அதன் கேப்டன் கார்ல் வான் முல்லர், பொய்யாக ஒரு புகைபோக்கி வைத்து பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டார். பல கப்பல்கள் தேடியும் சிக்கவில்லை. நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கினார். அங்கிருந்தவர்கள் அதற்குள் செய்தி அனுப்பிவிட்டார்கள். "சிட்னி" என்ற ஆஸ்திரேலியக் கப்பல் வந்து எம்டனை முடித்தது. இருக்கும் இடம் தெரிந்தது, ஆட்டம் முடிந்தது.

இந்தக் கதையை இளைஞரிடம் சொன்னேன். மறுநாளே தன் 2 கட்டக் கப்பலை மூலையில் ஒளித்து வைத்தார். வழியில் செல்போன் சிக்னல் போனதும் நோட்டில் கோடு போட்டுத் தொடர்ந்தார்கள். கே.ஆர்.புரம் வரை பெரியவரால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வளையலுக்கு இந்த மாத வட்டி கட்டியாகிவிட்டதாம். அசல் பாக்கி இருக்கிறது. டீக்கு அன்று பெரியவர்தான் காசு கொடுத்தார்.