கோழியும் குஞ்சுமாய் ஒரு திராட்சைக் குலை

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரை ஒட்டிய மலைப்பகுதியில் மெர்லோ என்று ஒரு திராட்சை பயிராகிறது. கருநீலப் பழம். ஒயின் தயாரிக்க வளர்ப்பது. இந்த மெர்லோ அங்குள்ள விவசாயிகளைப் படாத பாடு படுத்தியது. கொடி நிறையப் பூக்கும். சில நாள் கழித்துப் பார்த்தால் பூவெல்லாம் கொட்டிப்போய், குலை வெறும் காம்பாக நிற்கும். மிஞ்சியதிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பெரிய பழம். இடையிடையே விதையே இல்லாத பொடிக் காய்கள். இப்படிப்பட்ட குலையை அவர்கள் 'கோழியும் குஞ்சும்' என்பார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? பூவுக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

திராட்சைப் பூவை நேரில் பார்த்தாலும் அது பூ என்றே உங்களுக்குத் தோன்றாது. குட்டிக் குட்டிப் பச்சை மொட்டுகள், அவ்வளவுதான். இதழ்கள் விரிவதே இல்லை. ஐந்து இதழ்களும் ஒன்றோடொன்று ஒட்டி, மொட்டின்மேல் குல்லா போட்டதுபோல் மூடியிருக்கும். பூக்கும் நேரம் வந்ததும் அந்தக் குல்லா அடிப்பக்கமாகப் பிய்ந்து, அப்படியே கழன்று விழும். அப்போதுதான் ஐந்து மகரந்தத் தாள்களும், நடுவில் உருண்டையான சூலகமும் வெளியே தெரியும். தேனீக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும் மகரந்தம் சூலகத்தின் உச்சியில் விழுந்தால் போதும்.

விழுந்த மகரந்தத் தூளிலிருந்து கண்ணுக்கே தெரியாத மெல்லிய குழாய் ஒன்று கிளம்பும். அது சூலகத்துக்குள் இறங்கிச் சூலைத் தேடிப் போகும். ஒரு பூவில் வழக்கமாக நான்கு சூல்கள். குழாய் போய்ச் சேர்ந்த சூல்தான் விதையாக முடியும். வளரும் விதையிலிருந்து வரும் ஹார்மோன்களால்தான் பிஞ்சு உதிராமல் நின்று பெருக்கிறது. விதையில்லாத் திராட்சை வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசலாம். கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால், பெரிய பழங்களையும் சின்னப் பழங்களையும் தனித்தனியாகப் பிரித்து விதைகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய பழத்தில் விதை கூடுதலாக இருக்கும்.

எல்லாம் சரியாக நடந்தாலும் பாதிக்கு மேற்பட்ட பூக்கள் உதிர்வது வழக்கம்தான். அத்தனைக்கும் சோறு போடக் கொடியால் முடியாது. ஆனால் பூக்கும் நாட்களில் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் மகரந்தக் குழாய் தள்ளாடித் தள்ளாடித்தான் வளரும். மழையும் சேர்ந்துகொண்டால் குல்லாக்கள் கழலாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த வருஷம் விளைச்சல் போச்சு.

அடிலெய்டு மலைகளில் குளிர் உண்டு. ஆனாலும் பழியைக் குளிர்மேல் மட்டும் போட முடியவில்லை. மெர்லோவின் இலைகள் வெளிறின, ஓரங்கள் கருகின. தண்டு கணுவுக்குக் கணு வளைந்து நெளிந்து போனது. சத்துக் குறைவு! எந்தச் சத்து தெரியுமா? மாலிப்டினம் என்ற உலோகம்.

வேர் உறிஞ்சும் நைட்ரேட்டைச் செடி தன் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள ஒரு நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்ய மாலிப்டினம் வேண்டும். துளியூண்டு போதும், ஆனால் அதுவும் இல்லாவிட்டால் நைட்ரேட் இலையிலேயே தேங்கிவிடும். அமில மண்ணில் மாலிப்டினம் இருந்தாலும் மண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்வதால் வேருக்குக் கிடைப்பதில்லை. மற்ற ரகங்களைவிட மெர்லோவுக்கு இதில் பாதிப்பு அதிகம்.

ஆராய்ச்சியாளர்கள் பூக்கும் முன்பே சோடியம் மாலிப்டேட் என்ற மாலிப்டினம் உப்பைத் தண்ணீரில் கரைத்து இலைகள்மேல் தெளித்துப் பார்த்தார்கள். 2004-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. குறைபாடு இருந்த தோட்டங்களில் விளைச்சல் நன்றாகக் கூடியிருந்தது, விதையோடு திரண்ட பழங்களும் கூடியிருந்தன. ஒரு ஹெக்டேருக்குச் சில நூறு கிராம் உப்புதான் செலவு! எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. குறைபாடே இல்லாத கொடிக்குத் தெளித்தால் பலன் இராது. அதனால் முதலில் இலைக்காம்பைப் பறித்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

பூ உதிர்வதைக் குறைக்க மருந்தில்லாத வழியும் உண்டு. பூக்கும் சமயத்தில் கொடியின் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். கொழுந்துக்குப் போகவிருந்த சர்க்கரை பூக்களுக்குத் திரும்பும். ஆனால் அளவு மீறிப் பிஞ்சு பிடித்தாலும் தொல்லைதான். பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நடுவில் காற்றுப் புகாமல் பூஞ்சை வந்து அழுகும்.

இன்னொன்றையும் விவசாயி கவனிக்கிறார். இந்த வருஷம் பூ பூத்துக்கொண்டிருக்கும் அதே சமயத்தில், இலைக்காம்பின் அடியில் உள்ள மொட்டுகளுக்குள் அடுத்த வருஷத்துக் குலைகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. வெயில் படாத மொட்டில் குலை குறைவாகவே உருவாகும். அதனால்தான் கொடியை அடர்ந்து மண்ட விடாமல் கம்பிகளில் பரப்பிக் கட்டுகிறார்கள்.