இரசாயனத்தில் மேற்படிப்பு

இரசாயனப் பட்டதாரிகளான நம் பிள்ளைகள் மேற்படிப்பை நாடும்போது, கல்லூரியின் பெயரையே நாம் முதலில் ஆராய்கிறோம். அதற்கு முன், பன்முறை தவறிய சோதனையை மீண்டும் தொடங்கும் பொறுமை உண்டா எனக் கேட்டல் வேண்டும். விடுமுறையில் சில வாரங்கள் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தால் விடை புலனாகும்.

உண்டெனில், எம்.எஸ்ஸி. வகுப்பிற்கு அனைத்திந்திய ‘ஜாம்’ நுழைவுத்தேர்வு எழுதலாம். தில்லி, பம்பாய், கான்பூர், சென்னைத் தொழில்நுட்பக் கழகங்கள் அதனை ஏற்கின்றன. அதன்பின் ஆராய்ச்சிக்கு ‘நெட்’ தேர்வு. அதில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்று ஆராய்ச்சியில் சேர்வோருக்கு, 2023ஆம் ஆண்டு உயர்த்திய வீதப்படி, முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உண்டு. ஆகவே வீட்டு வறுமை தடையாக வேண்டுவதில்லை.

குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி 1949இல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்று தாவர நிறப்பொருள்களை ஆராய்ந்தார். நாம் குடியேறிய ஊர்களிலேயே நம் பிள்ளைகளுக்கும் அவ்வழி திறந்திருக்கிறது.